கால்நடைகளின் ஜீரணக் கோளாறுகள்: மண்டைக்காட்டுப் பகுதி விவசாயிகள் கவனிக்க வேண்டுவன

உழவுக்கு யந்திரம் வந்துவிட்ட இந்நாளிலும், எருவுக்கும் பாலுக்கும் அவசரச் செலவுக்கும் தொழுவத்தில் நிற்கும் பசுவையே நம் குடியானவர்களில் பெரும்பாலோர் நம்பியிருக்கின்றனர். அப்பசு ஒருவேளை தீனி எடுக்காமல் நின்றால் வீட்டார் அனைவரும் கவலையுறுகின்றனர். இவ்விதம் தீனி எடுக்காமைக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஜீரண உறுப்புகளில் உண்டாகும் கோளாறே ஆகும். இக்கோளாறுகளிற் பல, நாம் தீனி போடும் முறையிலுள்ள குறைகளால் விளைவன. ஆகையால் அவற்றைத் தடுப்பதும் நம் கையிலேயே இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் கடலோரத்தில் அமைந்துள்ள மண்டைக்காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் இங்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். தெற்கே கடல், கடலை ஒட்டி மணற்பாங்கான தென்னந்தோப்புகள், உள்நாட்டில் நெல் விளையும் ஏலாக்களும் குளங்களும், மேட்டுப்பாங்கான செம்மண் நிலங்களில் மரச்சீனியும் பலாவும். ஜனநெருக்கம் மிகுந்த இப்பகுதியில் மேய்ச்சல் நிலம் மிகக் குறைவு. ஆதலால் வைக்கோல், கழுநீர், மீந்த சோறு, மரச்சீனித் தோல், பலாச்சக்கை முதலியனவே மாட்டின் தொட்டிக்கு வந்து சேர்கின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் அளவறிந்து கொடுத்தால் ஆகாரம். அளவு தப்பினால் வியாதி.

வெக்கை நோய் போன வழி

முற்காலத்தில் மாட்டின் வயிற்றைத் தாக்கிய வியாதிகளுள் மிகக் கொடியது வெக்கை நோய். கடுஞ்சுரம், வாய்ப்புண், நாற்றமுள்ள கழிச்சல் ஆகிய இவை கண்ட சில நாட்களில் மாடு மாண்டுபோகும். ஒரு தொழுவில் புகுந்தால் ஊரிலுள்ள மந்தை முழுவதையும் வாரிச் செல்லும். இந்நோயையும் இதர கால்நடை நோய்களையும் ஆராய்வதற்கென்றே 1889-ஆம் ஆண்டில் புனாவில் ஓர் ஆராய்ச்சிசாலை ஸ்தாபிக்கப்பட்டு, 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. அங்கே எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் நோய்க்கிருமியை வெள்ளாட்டின் உடலில் தொடர்ந்து பயிற்றி, அதன் கொடுமையைக் குறைத்து அம்மைப்பால் தயாரிக்கும் வழியைக் கண்டார். பிற்காலத்தில் பிளௌரைட் என்ற ஆங்கில மருத்துவர் கென்யா நாட்டில் இதனினும் சிறந்ததொரு தடுப்பூசியை அமைத்தார்.

1920-இல் இந்தியாவிலிருந்து பிரேஸிலுக்குச் சென்ற மாடுகள் இடைவழியில் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டபோது, இந்நோய் அந்நாட்டில் பரவிற்று. அதன் விளைவாகவே பல தேசத்தாரும் கூடி 1924-இல் பாரிஸ் நகரத்தில் சர்வதேசக் கால்நடை நோய்ச் சங்கத்தை நிறுவினர். இந்தியாவில் வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954-இல் தொடங்கிற்று. 1995-க்குப் பின் நம் நாட்டில் இந்நோய் காணப்படவில்லை. 2011-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலுமே இது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. கால்நடை நோய்களுள் பூமியிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்டது இஃது ஒன்றே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. வெக்கை நோய் வெளியிலிருந்து வந்த பகை. அதை அரசாங்கமும் விஞ்ஞானிகளும் தடுப்பூசியால் வென்றனர். இன்று எஞ்சியிருக்கும் வயிற்றுக் கோளாறுகளுள் பெரும்பாலானவை நம் தீனித் தொட்டியிலேயே பிறப்பவை. இவற்றுக்குத் தடுப்பூசி இல்லை. தொட்டியில் தீனி வைப்பவரின் கவனமே மருந்து.

அசைபோடும் பிராணியின் வயிறு

மாட்டின் வயிறு நான்கு அறைகளையுடையது. அவற்றுள் முதலாவது மிகப் பெரியது. வளர்ந்த பசுவுக்கு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உடலின் இடப்பக்கம் முழுவதும் இதுவே நிறைந்திருக்கும். இதை ஒரு பெரிய நொதிப்புத் தாழிக்கு ஒப்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் இதனுள் வாழ்ந்து, மனிதனால் ஜீரணிக்க இயலாத வைக்கோலையும் புல்லையும் சிதைத்து மாட்டிற்கு ஆகாரமாக்கிக் கொடுக்கின்றன. மாட்டிற்குத் தீனி போடுவதென்பது உண்மையில் இந்நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவதேயாகும். தீனி திடீரென மாறினால் இவை மாறிக்கொள்ள இரண்டு வார காலம் வேண்டும். இதை அறியாமையே பல துன்பங்களுக்கு மூலம்.

ஆரோக்கியமான பசு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் நாளொன்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாது. அவ்வுமிழ்நீரில் சோடா உப்பைப் போன்ற காரச் சத்து இருப்பதால், வயிற்றில் உண்டாகும் புளிப்பு அவ்வப்போது அடங்கிவிடுகிறது. நொதிப்பினால் மணிக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் உண்டாகும் வாயுவைப் பசு ஏப்பமாக வெளிவிடுகிறது. அசைபோடுதல், உமிழ்நீர், ஏப்பம் ஆகிய இம்மூன்றும் தடையின்றி நடக்கும்வரை பசுவின் வயிற்றைப்பற்றிக் கவலை வேண்டாம். மூன்றில் ஒன்று நின்றால் உடனே கவனிக்க வேண்டும்.

தினந்தோறும் காலையில் பசுவின் இடப்பக்க விலாக்குழியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தால், இரண்டு நிமிஷத்தில் மூன்று முறையளவு வயிறு புரண்டு எழும்புவதை உணரலாம். மூக்குத்துவாரத்தின் நடுப்பாகம் ஈரமாயிருத்தல், சாணம் விழுந்த இடத்தில் மிகவும் பரவாமலும் உருண்டையாகாமலும் நிற்றல், உடற்சூடு பாரன்ஹீட் 101 முதல் 102 பாகைவரை இருத்தல் ஆகியவை நலத்தின் அறிகுறிகள்.

சோற்றினால் வரும் புளிப்பு நோய்

மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோயிலில் மாசி மாதம் பத்து நாட்கள் நடைபெறும் கொடை விழாவிற்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெண்கள் திரள்திரளாக வந்து பொங்கலிட்டு வழிபடுகின்றனர். பக்தியுடன் இடும் பொங்கலிலும் விருந்திலும் மீந்த சோறு, பாயசம், பழத்தோல் முதலியவற்றை வீணாக்க மனமின்றி மாட்டிற்கு வைப்பது நம்மவர் வழக்கம். தெருவில் கொட்டியதைத் திரியும் மாடுகள் தின்பதும் உண்டு. அதே மாசி மாதத்தில்தான் கும்பப்பூ அறுவடையும் நடைபெறுகிறது. கட்டவிழ்ந்த மாடு களத்து நெற்குவியலில் வாய்வைப்பதும் அப்போதுதான். பின்னர் கோடையில் பலாப்பழம் மலிந்து, விலைபோகாத பழத்தை மாட்டின்முன் தள்ளிவிடுவர். இம்மூன்று சந்தர்ப்பங்களிலும் விளைவது ஒரே வியாதி. இதனைப் புளிப்பு நோய் எனலாம்.

சோறும் நெல்லும் பழமும் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்தவை. வைக்கோலைப்போல மெதுவாக நொதிக்காமல் இவை மிக விரைவில் நொதிக்கின்றன. அப்போது புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அளவின்றிப் பெருகி, தயிரைப் புளிக்கச் செய்யும் அமிலத்தையே வயிறு நிறைய உண்டாக்குகின்றன. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அப்புளிப்பில் மடிகின்றன. உடலிலுள்ள நீரெல்லாம் வயிற்றிற்குள் இழுக்கப்படுவதால் இரத்தம் கெட்டிப்படுகிறது, கண்கள் குழிவிழுகின்றன. அமிலம் இரத்தத்தில் கலந்ததும் பசு தள்ளாடிப் படுத்துவிடுகிறது.

தின்ற உடனே ஒன்றும் தெரிவதில்லை என்பதே இந்நோயின் வஞ்சகம். 12 மணி முதல் 36 மணி நேரத்திற்குள் தீனி மறுத்தல், அசைபோடாமை, பல்லை நறநறவெனக் கடித்தல், இடவயிற்றை அசைத்தால் குடத்து நீர்போலக் குலுங்குதல், புளித்த நாற்றமுள்ள கழிச்சல் ஆகியன தோன்றும். கன்று ஈன்ற சில நாட்களுக்குள்ளான பசுவாயின், தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருப்பதைக் கண்டு பால்சுரம் என மயங்குவதும் உண்டு. ஆதலால் வைத்தியரை அழைக்கும்போது முந்திய நாள் மாடு என்ன தின்றது என்பதை மறைக்காமற் சொல்லுதல் அவசியம்.

சென்ற ஆண்டுகளில் ஒரு மாசி விழாவின்போது நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. ஒரு சிறு விவசாயியின் இரண்டு பசுக்கள் இரவில் கட்டை அவிழ்த்துக்கொண்டு, விருந்துப் பந்தலுக்குப் பின்னால் கிடந்த சோற்றைத் தின்றன. ஒன்றை வீட்டார் உடனே கண்டு பிடித்துக் கட்டி, இரவிலேயே சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, வைக்கோல் மட்டும் போட்டனர். காலையில் கால்நடை வைத்தியரும் வந்து பார்த்தார். அது நான்காம் நாள் தீனி எடுத்தது. மற்றொன்று தானாகத் தொழுவுக்குத் திரும்பிவிட்டபடியால் ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் மாலை அது படுத்தபிறகே வைத்தியர் அழைக்கப்பட்டார். மூன்றாம் நாள் இறந்தது. தின்ற சோறு இரண்டுக்கும் ஒன்றே. பிழைத்ததற்கும் இறந்ததற்கும் இடையே இருந்த வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான்.

சிகிச்சை: மாடு அளவுக்கு மிஞ்சித் தின்றதை அறிந்தவுடன், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், வளர்ந்த பசுவுக்கு 150 முதல் 200 கிராம் வரை அப்பச்சோடாவை இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக. தவிடு, பிண்ணாக்கு, கஞ்சி யாவற்றையும் நிறுத்தி, நல்ல வைக்கோல் மட்டும் கொடுக்க. முதல் நாளில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க விடாமல், அளவாகப் பலமுறை காட்டுக. மாட்டை மெல்ல நடத்துக. கால்நடை வைத்தியரை உடனே அழைத்தல் வேண்டும். இரத்தக்குழாய் வழியாக மருந்துநீர் ஏற்றவேண்டிய நிலையில் கைமருந்து பயன்படாது. புளிப்பு அடங்கியபின், ஆரோக்கியமான வேறொரு மாட்டின் வயிற்றுச் சாற்றை வைத்தியர் எடுத்துப் புகட்டுவதுண்டு. மடிந்த நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் குடியேற்றும் இம்முறை, தயிருக்கு உறைமோர் இடுவதைப் போன்றது. பிழைத்த பசுவுக்குச் சில வாரங்களுக்குப்பின் குளம்பு நோவு வருதலும் உண்டு, அதையும் கவனிக்க.

வயிற்று உப்புசம்

ஏப்பம் விட இயலாமல் வாயு தங்கி, இடப்பக்க விலாக்குழி மேடிட்டு, தட்டினால் மத்தளம்போல் ஒலிப்பதே உப்புசம். இஃது இருவகைப்படும். மழைக்குப்பின் தழைத்த இளம் பயறுவகைத் தழைகளை வெறும் வயிற்றில் தின்பதால் நுரை உண்டாகி வாயு சிக்கிக்கொள்வது ஒருவகை. மரச்சீனிக் கிழங்கு, பனங்கொட்டை, மாங்கொட்டை, தேங்காய்த் துண்டு இவற்றில் ஏதேனும் தொண்டையிலோ உணவுக்குழலிலோ அடைத்துக்கொண்டு வாயு வெளிவராமல் தடுப்பது மற்றொன்று. பின்னதில் எச்சில் ஒழுகும். கழுத்தை நீட்டிக்கொண்டு மாடு இருமும். ஆனால் எச்சில் ஒழுகுதல் வெறிநாய் கடித்த மாட்டிற்கும் உண்டாகையால், வாயினுள் வெறுங்கையை விடுதல் ஒருகாலும் கூடாது.

நுரை உப்புசத்திற்கு 300 மில்லி லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெயை மெதுவாகப் புகட்டினால் நுரை உடையும். மாட்டை முன்னங்கால் மேட்டிலும் பின்னங்கால் பள்ளத்திலும் இருக்கும்படி நிறுத்துக. விரற்கனமுள்ள ஒரு குச்சியைக் கடிவாளம்போல் வாயில் குறுக்கே கட்டினால், அதைச் சுவைப்பதால் உமிழ்நீர் ஊறி ஏப்பம் வரும். மூச்சுத்திணறல் கண்டால் தாமதிக்கலாகாது. குழாய் செலுத்தியோ, விலாக்குழியில் துளையிட்டோ வாயுவை வெளியேற்றுதல் வைத்தியர் செய்யும் காரியம். பழக்கமில்லாதவர் கத்தியால் குத்துதல் கூடாது.

மருந்து புகட்டும் முறையைப்பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறவேண்டும். மாட்டின் தலையை வானத்தை நோக்கித் தூக்கி, நாக்கைப் பிடித்திழுத்து, ஒரே மூச்சில் ஊற்றுவது பல கிராமங்களில் காணும் பழக்கம். அவ்வாறு ஊற்றிய எண்ணெயும் கஷாயமும் நுரையீரலுக்குட் சென்று, வந்த நோயினும் வராத நோயால் மாடு இறப்பதுண்டு. தலை முதுகின் மட்டத்திற்குச் சற்றே மேலிருந்தால் போதும். ஒவ்வொரு மடக்கையும் விழுங்கியபின் அடுத்ததை ஊற்றுக. இருமினால் உடனே தலையை விடுக. படுத்து மயங்கிய மாட்டிற்கு வாய்வழியே எதையும் ஊற்றற்க.

மரச்சீனி விஷம்

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிச் சாகுபடியைப் பெரிதும் ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, இப்பகுதி ஏழை ஜனங்களைக் காத்தது இக்கிழங்கே. மனிதருக்கு இவ்வளவு உபகாரியான இப்பயிர், பச்சையாகத் தின்ற மாட்டிற்கும் ஆட்டிற்கும் எமனாகிறது.

மரச்சீனியின் இலை, தண்டு, கிழங்குத் தோல் இவற்றில் ஒருவகைக் கசப்புச்சத்து இருக்கிறது. இலை மெல்லப்பட்டோ நசுங்கியோ சிதையும்போது, அதிலுள்ள மற்றொரு பொருளுடன் கலந்து அது கொடிய சயனைடு விஷமாக மாறுகிறது. இளந்தளிரிலும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த செடியிலும் விஷம் மிகுதி. இவ்விஷம் உடலிலுள்ள அணுக்கள் பிராணவாயுவை உபயோகிக்கவொட்டாமல் தடுக்கிறது. ஆகவே மூச்சு வாங்கியும் பயனின்றி மாடு திணறுகிறது. தின்ற சில நிமிஷங்களில் அல்லது அரைமணி நேரத்தில் வேகமான மூச்சு, நுரை தள்ளுதல், நடுக்கம், வலிப்பு என்று தொடர்ந்து மரணம் நேரிடும். இரத்தம் மிகுந்த செந்நிறமாயிருத்தல் இதன் சிறப்பு அடையாளம். ரப்பர் மரத்தின் இலையிலும் இதே வகை விஷம் இருப்பதால், தோட்டங்களில் ஆடு மேய்ப்பவர்கள் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

இதற்கு மாற்றுமருந்து உண்டு. ஆயின் அதனை வைத்தியரே இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துதல் வேண்டும். மருந்து வருமுன் பல மாடுகள் இறந்துவிடுவதால் தடுப்பதே சிறந்தது. கிழங்கு பறிக்கும் நாளில் மாடுகளைக் கட்டிவைக்க. இலையையும் தோலையும் நறுக்கிப் பரப்பி, இரண்டு மூன்று நாட்கள் வெயிலில் நன்றாக உலர்த்தியபின், மற்றத் தீனியுடன் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். கிழங்கை நறுக்கித் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை மாடுகள் குடிக்காதபடி கொட்டிவிடுதல் வேண்டும்.

வைக்கோற் கட்டும் அந்நியப் பொருள்களும்

பங்குனி, சித்திரை மாதங்களில் பச்சைத் தீனியும் போதிய தண்ணீரும் இன்றி உலர்ந்த வைக்கோலை மட்டுமே தின்னும் மாட்டிற்கு வயிறு கட்டிக்கொள்ளும். சாணம் உருண்டையாய்க் கருத்து, சளி படிந்து வரும். விலாக்குழியை அழுத்தினால் பிசைந்த மாவில் விரல் பதிந்தாற்போல் குழி நிற்கும். 250 கிராம் பேதி உப்பை நான்கு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புகட்டுதல் முதல் உதவி. சினைமாடாயின் வைத்தியரைக் கேட்டே செய்க. கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் வேண்டும்; இரு வேளை மட்டும் தண்ணீர் காட்டும் பழக்கத்தை விட்டு, எந்நேரமும் தொட்டியில் நீர் இருக்கச் செய்வது உத்தமம்.

மாடு தீனியை வாயில் வைத்துப் பிரித்தறிவதில்லை. ஒட்டுமொத்தமாக விழுங்கிப் பின்னரே அசைபோடுகிறது. ஆதலால் தீனியுடன் ஆணி, கம்பித்துண்டு, ஊசி முதலியவையும் உள்ளே போகின்றன. இவை இரண்டாம் அறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, அடுத்திருக்கும் இருதயத்தைக் குத்துவதுண்டு. முன்னங்கால் முழங்கையை விலக்கி நிற்றல், மேட்டிலிருந்து இறங்க அஞ்சுதல், முனகல், கழுத்தடியில் நீர்வீக்கம் ஆகியவை இதன் குறிகள். பிளாஸ்டிக் பைகளோ வயிற்றில் திரண்டு பந்தாகி, ஒருகாலும் ஜீரணிக்காமல், தீனிக்கு இடமின்றிச் செய்துவிடுகின்றன. அறுவைச் சிகிச்சையன்றி இதற்கு வேறு வழியில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை உண்டு. அத்தடையைக் கடைப்பிடிப்பதால் முதலில் நன்மையடைவன தெருவில் திரியும் நம் மாடுகளே.

ஏலாவில் மேயும் மாடுகளும் தட்டைப்புழுவும்

நன்கு தின்றும் மாடு மெலிந்து, மயிர் பரட்டையாகி, பால் குறைந்து, தாடையின்கீழ் நீர்கட்டித் தொங்கினால், கல்லீரலில் தட்டைப்புழு இருக்கலாமென ஐயுறுக. இப்புழுவின் முட்டை சாணத்தோடு நீரில் விழுந்து பொரிந்து, குளத்திலும் வாய்க்காலிலும் வாழும் சிறு நத்தையின் உடலில் வளர்ந்து, பின் வெளிப்பட்டுப் புல்லின் அடித்தண்டில் கண்ணுக்குத் தெரியாத மணிபோல் ஒட்டிக்கொள்கிறது. அப்புல்லை மேயும் மாட்டின் கல்லீரலை அது சென்றடைகிறது. நத்தையின் வழியே நடக்கும் இச்சுழற்சியை ஐரோப்பிய அறிஞர் இருவர் 1880-களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்தனர்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் இம்மாவட்டத்தில் நீர்நிலைகள் நெடுங்காலம் ஈரமாகவே இருப்பதால், நத்தைக்குக் குறைவில்லை. ஆகவே நீர் தேங்கிய வரப்போரப் புல்லை அறுக்கும்போது அடியோடு அறுக்காமல் நீர்மட்டத்திற்கு மேலேயே அறுக்க. குளத்தில் மாட்டை இறக்கித் தண்ணீர் காட்டுவதை விட்டு, கிணற்று நீர் கொடுக்க. ஏலாவில் வாத்து மேய்ந்தால் நத்தை குறையும். பச்சைச் சாணத்தை வாய்க்காலில் தள்ளாமல் எருக்குழியில் இடுக. குழியின் சூட்டில் முட்டை மடியும். மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து, வைத்தியர் கூறும் பூச்சிமருந்தை அளவுப்படி கொடுத்தல் நலம். உருளைப்புழுவுக்குரிய மருந்து தட்டைப்புழுவுக்கு ஏற்றதாயிராது என்பதை நினைவிற்கொள்க.

கன்றுகளின் கழிச்சல்

கன்று பிறந்தவுடன் சீம்பாலைக் கொடுத்தால் கழிச்சலாகும் என்று எண்ணி, நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருப்போர் இன்னும் உளர். இது முழுத் தவறு. பிறக்கும்போது கன்றின் உடலில் நோயெதிர்க்கும் சக்தி ஏதும் இல்லை. அதனைத் தருவது சீம்பால் ஒன்றே. நேரம் செல்லச்செல்ல அச்சக்தியைக் கன்றின் குடல் ஏற்பது குறைந்து, ஒரு நாளைக்குள் முற்றிலும் நின்றுவிடுகிறது. ஆகவே பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் இரண்டு லிட்டர் வரையிலும், முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கும் சீம்பால் கொடுக்க.

வெண்ணிறக் கழிச்சல் கண்ட கன்று, நோய்க்கிருமியைவிட நீரிழப்பினாலேயே விரைவில் சாகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையே கன்றுக்கும் வெதுவெதுப்பாக அடிக்கடி கொடுத்துக்கொண்டு வைத்தியரை அழைக்க. எருமைக் கன்றுகளுக்குத் தாய்ப்பாலின் வழியாகவே உருளைப்புழு வருகிறது. ஆதலால் பிறந்த பத்து முதல் பதினைந்து நாட்களுக்குள் முதற் பூச்சிமருந்து கொடுத்தல் வேண்டும்.

ஆடுகளைப்பற்றி

மழைக்குப்பின் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடு துள்ளி விழுந்து இறப்பது துள்ளுமாரி நோயாகும். மழைக்கு முன்னரே தடுப்பூசி போடுவதால் இதனைத் தவிர்க்கலாம். சுரம், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் இவை ஒருங்கே காணின் ஆட்டுக்கொல்லி நோயென அறிக. இது வெக்கை நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது. வெக்கையை ஒழித்ததுபோலவே இதனையும் 2030-க்குள் உலகத்திலிருந்து ஒழிக்கச் சர்வதேச ஸ்தாபனங்கள் 2015-இல் திட்டம் வகுத்துள்ளன. அத்திட்டம் நிறைவேறுவது நம் ஆடுகளுக்கு நாம் ஊசி போடுவதைப் பொறுத்தது.

கிராம அதிகாரிகளின் கடமை

கிராம நிர்வாக அலுவலர்களும் பேரூராட்சி, ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோரும் சில காரியங்களைக் கவனித்தால் பேருதவியாகும். கொடை விழாவிலும் கலியாணப் பந்தல்களிலும் மீந்த சோற்றையும் எச்சிலிலையையும் மாடு எட்டாத இடத்தில் குழிதோண்டி மூடவோ, உரக்குழியில் சேர்க்கவோ ஏற்பாடு செய்க. விழா நாட்களில் மாடுகளைக் கட்டிவைக்கும்படி முன்னதாகவே தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ அறிவிக்க.

ஒரே ஊரில் அடுத்தடுத்து மாடுகள் இறந்தால் உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க. திடீரென இறந்து, வயிறு மிகவும் ஊதி, மூக்கு, வாய், ஆசனவாய் வழியே கறுத்த இரத்தம் கசிந்தால் அதனை உப்புசமென்று கருதற்க. அஃது அடைப்பான் நோயாயிருக்கலாம். அது மனிதரையும் பற்றும். அவ்வுடலை அறுக்கவோ தோலுரிக்கவோ விடாமல், ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். மருந்தகத்திற்கு மாட்டைக் கொண்டுபோக இயலாதவர்கள் 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். இவ்வெண்ணை எல்லோரும் காணும் இடத்தில் எழுதிவைப்பது நன்று.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. தீனியைத் திடீரென மாற்றற்க; இரண்டு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுக.

2. சோறு, கஞ்சி, நெல், பலாப்பழம் இவற்றை மாட்டின்முன் குவிக்கற்க. வீட்டில் மீந்ததைச் சிறிதளவே, வைக்கோல் தின்றபின் கொடுக்க.

3. அளவுக்கு மிஞ்சித் தின்றதை அறிந்தவுடன் சோடா உப்புக் கரைசல் கொடுத்து, வைத்தியரை அழைக்க, நோய்க்குறிக்காகக் காத்திரற்க.

4. பச்சை மரச்சீனி இலையும் தோலும் மாட்டிற்கும் ஆட்டிற்கும் எட்டலாகாது.

5. கிழங்கையும் கொட்டைகளையும் முழுதாகப் போடற்க.

6. நாள் முழுவதும் நல்ல தண்ணீர் வைக்க. தினந்தோறும் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீனியிற் சேர்க்க.

7. கன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க.

8. மருந்து புகட்டும்போது தலையை மிகத் தூக்கற்க.

ஒரு பசு வாங்கும் பணத்தைச் சேர்க்கச் சிறு விவசாயிக்குப் பல ஆண்டுகள் வேண்டும். அதனை இழப்பதற்கு ஓர் இரவு போதும். வெக்கை நோயை நாட்டைவிட்டு ஓட்டிய தடுப்பூசிக்காரர்கள் ஒவ்வொரு தொழுவத்திற்கும் நடந்து சென்றார்கள். இப்போதுள்ள வியாதிகளைத் தடுக்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டுவதில்லை. வீட்டிலிருந்து தொழுவம்வரை தினம் காலையில் ஒருமுறை நடந்து, தொட்டியையும் சாணத்தையும் விலாக்குழியையும் பார்த்துவந்தால் போதுமானது. இவ்வழக்கத்தை வரும் மாசிக் கொடைக்கு முன்னதாகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் கைக்கொள்வாராக.